சட்டைப்பையில் இருந்த ரோட்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு,

உங்களுக்காக என் அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் நிலைய அதிகாரி வீடு தேடி வந்து கேட்டார். எதற்குக் கேட்கிறார், எழுதியதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள். அவர் குடித்துவிட்டு வைத்த காப்பி டம்ளரில் மிச்சம் இருந்ததைப் பார்த்து, நம் வீட்டுக் காப்பியை ஏன் இவர் முழுதாகக் குடிக்கவில்லை என்று வீட்டுக்காரியிடம் கேட்டவன்.

வேலையிலும் அப்படித்தான். எங்கள் காலத்தில் தீப்பிடித்தால் போன் வருவது அபூர்வம். யாராவது சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஓடிவந்து சொல்வார்கள். சொன்னவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவோம். வழி காட்டுவதற்கு என்று வெளியே சொல்லிக்கொள்வது. தகவல் பொய்யென்றால் ஆளைக் கையோடு பிடித்துவைக்கலாம் என்பது உள்ளே இருக்கும் எண்ணம். ஏறும்போதே அவன் வாயை நான் முகர்ந்து பார்த்துவிடுவேன். அஞ்சுகிராமத்திலிருந்து வைக்கோல் படப்பு எரிகிறது என்று அழுதுகொண்டு வந்த ஒரு பண்ணையாரையே முகர்ந்து பார்த்திருக்கிறேன். வாயில் வெற்றிலைதான் மணத்தது. படப்பும் உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தது.

நெருப்பிடம் இந்தச் சந்தேகம் நல்லது. அணைந்துவிட்டது என்று ஊரே சொன்னாலும் நம்பாமல் கம்பியை விட்டுக் கிளறுகிறவனால்தான் நாலு வீடு தப்பும். இதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அதே கண்ணால் கூட வேலை செய்கிறவனைப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்கும் தெரியாது.

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேரப்போகிற வருஷம் அது. நவம்பர் ஒன்றாம் தேதி மாற்றம் என்று உறுதியாகிவிட்டது. அதுவரை நாங்கள் திருவனந்தபுரத்துக்கு அடங்கியவர்கள். யார் அந்தப் பக்கம் போகிறீர்கள், யார் இந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று எங்கள் எல்லோரிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். நிலைய அதிகாரி அந்தக் காகிதங்களோடு தலைநகரத்திலேயே பாதி நாள் கிடந்தார். அவர் இல்லாதபோது லீடிங் ஃபயர்மேனாகிய நான்தான் பொறுப்பு. எனக்குக் கீழே நாலு ஃபயர்மேன்கள், நாலு பேருமே உள்ளூர்ப் பையன்கள், ஒருவனுக்கும் வேலை நிரந்தரமாகவில்லை. டிரைவர் இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருவன், பாஸ்கரன். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள், என் வயதுதான். அவன் அந்தப் பக்கம் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

வண்டியும் ஒன்றே ஒன்று. பம்பு, ஏணி, பித்தளை பெல் எல்லாம் சேர்ந்த சிவப்பு வண்டி. முழு ஜில்லாவுக்கும் அது ஒன்றுதான். கடற்கரையில் ஓலைக் குடிசை எரிந்தாலும் அதுதான் போக வேண்டும், மலையடியில் எரிந்தாலும் அதுதான் போக வேண்டும்.

அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. வண்டியைத் திங்கட்கிழமை காலை திருவனந்தபுரம் பட்டறைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. மாற்றத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. கடிதத்தை நான் படித்து முடிக்கும் முன்னால் செய்தி வடசேரிச் சந்தை வரை போய்விட்டது.

டீக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன வேய், வண்டி திங்கக்கெழம போவுதாமே. போனா திரும்பி வருமா?"

"பரிசோதனைக்குப் போவுது. வரும்."

"நல்லா ஓடுத வண்டிக்கு என்னவேய் பரிசோதன? அங்க மூலையில கெடக்க ஓட்ட வண்டி ஒண்ண கொண்டாந்து நம்ம தலையில கெட்டிருவானுவ. நீரு பொறுப்புல இருக்கும்போ போச்சுன்னு நாளைக்கு ஊரு உம்மத்தான் சொல்லும்."

அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு அது தோன்றியிருந்தது. அவர் சொன்ன பிறகு தூக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து பாஸ்கரனைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே கண்ணில் படும், அதுதான் சிக்கல். அவன் வண்டியின் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனதும் தாளை மடித்துப் பையில் வைத்தான். சனிக்கிழமை அவனுடைய டிரங்குப் பெட்டி பஸ்ஸில் ஊருக்குப் போனது. அன்று மாலை பட்டறையில் உள்ள யாருக்கோ போன் போட்டு மலையாளத்தில் மெதுவாகப் பேசினான். கடைசியில் பையன்களைக் கூப்பிட்டு, ஸ்டோரில் கிடக்கும் பழைய ஹோஸ், கப்ளிங் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றச் சொன்னான்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டு எடே, கொண்டுபோவாம்," என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை.

எனக்கு முடிவாகிவிட்டது. வண்டியை மட்டுமில்லை, நிலையத்தையே வழித்துத் துடைத்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். அப்போது போய் நேராகக் கேட்டிருக்கலாம். சந்தேகக்காரன் நேராகக் கேட்க மாட்டான், கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவான் என்று அவனுக்கு ஒரு புத்தி வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்கரன் வழக்கம்போல் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தான். ஒரே சுற்றில் பிடித்தது. மத்தியானம் அவன் ஓட்டலுக்குச் சாப்பிடப் போனான். பையன்கள் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் பானட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்பை விடுவித்து, உள்ளே இருந்த ரோட்டரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடிவிட்டேன். கட்டைவிரல் அளவுள்ள கறுப்புத் துண்டு. அது இல்லாமல் எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது. திங்கட்கிழமை காலை வண்டி ஸ்டார்ட் ஆகாது, பழுது என்று தந்தி அடிக்கலாம், ஆள் வர நாலு நாள், சாமான் வர பத்து நாள், அதற்குள் நவம்பர் வந்துவிடும். என் திட்டம் அவ்வளவுதான். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்து ஒரு வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டேன்.

நடுவில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தேன். ரோட்டர் என் பையில்தானே இருக்கிறது, எடுத்து மாட்டினால் போச்சு, அரை நிமிஷ வேலை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாஸ்கரன் திரும்பி வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வடசேரிக்கு மேற்கே உள்ள நெசவாளர் தெருவிலிருந்து ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"எங்க தெருவுல தீ பிடிச்சிட்டு. பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சின அடுப்புலேந்து பொறி பறந்து ஓலையில ஏறிட்டு. வரிசையா ஓலக்கூரையாக்கும். சீக்கிரம் வாருங்க."

அவன் வாயை அன்று நான் முகரவில்லை. பையன்கள் ஏறியாயிற்று, பாஸ்கரன் சாவியைப் போட்டான். எஞ்சின் பிடிக்கவில்லை. இறங்கிக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். பிடிக்கவில்லை.

"காலம்பற ஓடின வண்டியாக்கும் எடே," என்று சொல்லிக்கொண்டே பானட்டைத் தூக்கப் போனான்.

தம்பிமாரே, அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பையில் கையை விட்டு எடுத்து, இதோ இருக்கிறது, நான்தான் எடுத்தேன் என்று சொல்லி மாட்டியிருக்க வேண்டும். அரை நிமிஷம் ஆகியிருக்கும். நாலு பையன்களும், தீத்தகவல் கொண்டுவந்தவனும், பாஸ்கரனும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பிளக்காத்தான் இருக்கும். ஸ்டோருல போயி புது பிளக் எடுத்துட்டு வா," என்று பாஸ்கரனிடம் ஸ்டோர் சாவியைக் கொடுத்தேன். பையன்களைத் தள்ளுவதற்குக் கயிறு எடுத்து வரும்படி பின்பக்கம் விரட்டினேன். தகவல் கொண்டுவந்தவனை ரோட்டில் போகும் ஆட்களைக் கூப்பிடச் சொன்னேன். எல்லோரும் போன பிறகு பானட்டுக்குள் கையை விட்டேன். அவசரத்தில் ரோட்டர் நழுவி வண்டிக்கு அடியில் போய்விட்டது. படுத்துத் துழாவி எடுத்து, துடைத்து, மாட்டி, மூடியை வைத்தேன். அப்போது பாஸ்கரன் பிளக்கோடு ஓடிவந்துவிட்டான்.

இனி நடந்ததுதான் எனக்கு இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது. வண்டி அந்த நிமிஷமே புறப்படத் தயார். அது எனக்கு மட்டும் தெரியும். பாஸ்கரன் குனிந்து பழைய பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தான். வேண்டாம், ஸ்டார்ட் பண்ணிப் பார் என்று நான் சொல்லவில்லை. பிளக்கை மாற்றாமலே வண்டி பிடித்துவிட்டால் அதற்கு என்ன காரணம் சொல்வது என்ற யோசனையில் நின்றேன். அங்கே ஓலை எரிந்துகொண்டிருக்கிறது, இங்கே ஒன்றும் ஆகாத பிளக்கை ஒருவன் வியர்க்க வியர்க்க மாற்றிக்கொண்டிருக்கிறான், நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன். முதல் பிளக் மாட்டி முடிந்ததும்தான், "இப்போ ஒருக்கா பாரு," என்றேன். ஒரே சுற்றில் பிடித்தது.

எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம்.

நாங்கள் போனபோது தெருவில் ஒன்பது வீடு எரிந்துகொண்டிருந்தது. கடைசி மூன்று வீட்டில் தீ அப்போதுதான் உள்ளே இறங்கியிருந்தது. புரட்டாசிக் காற்று, காய்ந்த ஓலை. குளத்தில் குழாயை இறக்கி அடித்தோம். அடுத்த தெருவுக்குப் போகாமல் தடுத்தோம். உயிர்ச்சேதம் இல்லை. பையன்கள் நாலு பேரும் அன்று வேலை செய்ததுபோல் பிறகு எந்தப் பெரிய நிலையத்திலும் நான் பார்த்ததில்லை. ஒருவன் தலைமுடி பொசுங்க ஏணியில் நின்றான்.

கடைசி வீட்டுக்காரி வள்ளியம்மை. புருஷன் இல்லாதவள், தனியாகத் தறி நெய்து இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். தறியில் கோத்திருந்த பாவு நூலை வெளியே இழுக்க உள்ளே போயிருக்கிறாள். கூரை விழுந்து வலதுகை முழங்கை வரை வெந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. யாராவது ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்களோ என்று தெரிந்துகொள்ளவும்தான் போனேன், அதையும் மறைக்க வேண்டாம். கையைத் துணியில் சுற்றி மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நீங்க பெல்லு வண்டியில வந்தவருதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"ஒங்க பெல்லுச் சத்தம் எங்க வீட்டுவரை கேக்கும். எங்க தீ பிடிச்சு வண்டி போனாலும் நான் தறியில இருந்தே கேப்பேன். நேத்தும் இப்பக் கேக்கும் இப்பக் கேக்கும்னு வாசல்ல நின்னேன். கேக்கல. இனி வரமாட்டாவன்னு நெனச்சுத்தான் உள்ள போனேன்." பிறகு, "வண்டிக்கு என்ன வந்துது?" என்றாள்.

"ஸ்டார்ட் ஆவல."

"மெஷினுதானே. அதுக்கு என்ன தெரியும்," என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை அங்கேயே சொல்லியிருப்பேன். வெளியே வந்து மருந்து நாற்றம் போகும் வரை ரோட்டில் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

அந்த விரல்கள் பிறகு மடங்கவில்லை. அவள் மறுபடி தறியில் உட்காரவில்லை.

அதே திங்கட்கிழமை அதிகாலையில் பாஸ்கரன் வண்டியை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போயிருந்தான். ரோட்டரில் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை. இனி வண்டி வராது என்றே இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் பெல்லை அடித்துக்கொண்டே வந்து நின்றான். பழைய ஹோஸ் போன இடத்தில் புது ஹோஸ் சுருள் சுருளாக இருந்தது. கப்ளிங் புதிது, பம்புக்கு வாஷர் புதிது, நாலு டயரும் புதிது.

"பட்டறை ஸ்டோருல நம்ம சொந்தக்காரன் ஒருத்தன் உண்டு," என்றான். "பழசக் காட்டினாத்தான் புதுசு தருவான். ஒண்ணாந்தேதி கழிஞ்சா நீங்க வேற சர்க்காரு. பின்ன யாரு தருவா? ஒவ்வொண்ணுக்கும் மதராசுக்கு எழுதிக் காத்துக் கெடக்கணும். அதாக்கும் எல்லாத்தையும் ஏத்திக் கொண்டுபோனது. முன்னாடியே சொன்னா ஆபீசுல எழுத்துக்குத்து ஆவும்னு மிண்டாம இருந்தேன்."

மடித்து மடித்து வைத்துக்கொண்ட அந்தத் தாளைக் காட்டினான். எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டிருந்தான். டிரங்குப் பெட்டி எதற்காகப் போனது என்று நான் கேட்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குத் துணிமணி அனுப்பினானாம், பையன்கள் சொன்னார்கள்.

அதிகாரி திரும்பி வந்து தாமதத்துக்குக் காரணம் கேட்டார். பொறுப்பில் இருந்தவன் நான், அறிக்கை நான்தான் எழுத வேண்டும். பிளக் பழுது என்று எழுதினேன். பிளக்கைப் பார்த்துவைப்பது டிரைவரின் வேலை. கவனக்குறைவு என்று பாஸ்கரன் பேரில் ஒரு எச்சரிக்கை பதிவாயிற்று. அது அவன் காகிதங்களோடு அந்தப் பக்கம் போகும், அங்கே அவனைத் தெரியாத அதிகாரிகள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். அறிக்கையை அவனிடம் காட்டிக் கையெழுத்துக் கேட்டார் அதிகாரி. அவன் ஒன்றும் மறுத்துச் சொல்லாமல் போட்டான்.

அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் ஏன் கையெழுத்துப் போடுகிறான், எதையோ மனதில் வைத்திருக்கிறான் என்று அப்போதும் எனக்கு அவனைத்தான் சந்தேகம்.

அக்டோபர் கடைசி நாள் காலையில் அவன் பொறுப்பை ஒப்படைத்தான். புது டிரைவர் வர இன்னும் ஒரு வாரம் ஆகும். பையன்கள் அவனுக்கு ஒரு மாலை வாங்கப் போயிருந்தார்கள். வண்டிக் கொட்டகையில் நானும் அவனும் மட்டும். பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அன்று அவன் கழற்றிய பழைய பிளக்.

"இதுக்கு ஒரு கேடும் இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்," என்றான். "தீ அணைச்சுத் திரும்பி வந்து பானட்டத் தூக்கிப் பாத்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு பக்கத்துக் கிளிப்பு விட்டுக் கெடந்துது. நான் சாப்பிடப் போன நேரத்துல எவனோ ரோட்டர எடுத்திருக்கான். தீன்னு கேட்டதும் பேடிச்சுத் திருப்பி வச்சிருக்கான்."

என் முகத்தை அவன் எப்படிப் பார்த்தான் என்று எனக்கு நினைவில்லை. நான் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பவே சொல்லியிருப்பேன். சொன்னா போலீசு வரும். இப்ப உள்ள நெலமையில, மலையாளத்தான் வண்டியத் தமிழ்ப் பயலுவ கெடுத்தானுவன்னு ஆயிப்போவும். நாலு பேருக்கும் வேல போவும். செஞ்சவன் ஒருத்தன், போறது நாலு பேரு. எனக்கு ஒரு எச்சரிக்கதானே, போவட்டும்." வண்டிச் சாவியை எடுத்தான். "அந்த நாலு பயலுவள்ல ஒருத்தனாக்கும் எடே. யாருன்னு எனக்குத் தெரியல. நீ கண்ணு வச்சுப் பாரு. கண்டுபிடிச்சா இனி அவன வண்டிப் பக்கத்துல விடாத."

அவன் உண்மையிலேயே பையன்களைத்தான் சந்தேகப்பட்டானா, என்னைத் தெரிந்தே அப்படிச் சொன்னானா என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். அன்று எல்லோரையும் விரட்டிவிட்டு வண்டியோடு தனியாக நின்றவன் நான் ஒருவன்தான், அது அவனுக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு பக்கம் தோன்றும், மறுநாள் மறுபக்கம் தோன்றும். அவன் இருக்கிற ஊர் தெரிந்தும் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும்.

மாலையோடு பையன்கள் வாசலில் வந்துவிட்டார்கள். தலைமுடி பொசுங்கியவன் முன்னால் வந்தான். பாஸ்கரன் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இங்க ஒன்ன மட்டுமாக்கும் எனக்கு நம்பிக்க," என்று சொல்லிச் சாவியை நீட்டினான்.

நான் வாங்கிக்கொண்டேன்.